பாட்டரி வழக்கு

மோட்டார் வண்டி வைத்திருப்பவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். வண்டியின் முன்மூடியைத் தூக்கிப் பார்த்து, உள்ளே இருப்பவை இன்னின்னவை என்று தெரிந்துகொள்ளக் கூடியவர்கள் ஒரு வகை. தூக்கிப் பார்த்து, "ஹூம்!" என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் மூடிவிடுகிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகையைச் சேர்ந்தவன். ஆனால் ஒரு விஷயம். வண்டியில் கோளாறு உண்டானால், அதற்கு யார் பொறுப்பாளி என்று கண்டுபிடித்துக் குற்றம் சாட்டுவதில் எங்கள் வகையார் முதல் வகையாருக்குக் கொஞ்சமும் இளைத்தவர்கள் அல்ல. விஷயம் தெரியாதவனுக்குத் தீர்ப்புச் சொல்லுவது எப்போதுமே சுலபம் அல்லவா?

2024-ஆம் வருஷம் டிசம்பர் மாதம். மார்கழி பிறந்து நாலைந்து தினங்கள் ஆகியிருந்தன. கும்பகோணத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பதினொரு வயதுச் சின்னக் கார் ஒரு நாள் காலையில் எழுந்திருக்க மறுத்தது. சாவியைத் திருப்பினால், தூக்கத்தில் புரண்டு படுப்பவன்போல் ஒரு முனகல், அவ்வளவுதான்.

அதன் பாட்டரிக்கு வயது ஐந்து. "மார்கழிக் குளிர் பாட்டரியைக் கொன்றுவிட்டது" என்று நான் உடனே தீர்ப்புச் சொன்னேன். உண்மை என்னவென்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். கொன்றது மார்கழி அல்ல, சித்திரையும் வைகாசியுந்தான். உஷ்ணத்தில்தான் பாட்டரியின் உள்ளேயிருக்கும் ஈயத் தகடுகள் சீக்கிரம் அரித்துப் போகின்றன. குளிர் வந்ததும் எஞ்சின் எண்ணெய் சற்றுக் கெட்டிப்படுகிறது. பாட்டரியின் வலுவும் சற்றுக் குறைகிறது. வெயில் செய்த கொலை அப்போது வெளிப்படுகிறது. ஆக, முதல் தீர்ப்பிலேயே நான் ஒரு நிரபராதியைத் தண்டித்திருந்தேன். அதை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்கலாம், எடுத்துக்கொள்ளவில்லை.

பாட்டரியை அன்றே மாற்றியாக வேண்டிய அவசரம் ஒன்று இருந்தது. என் தமக்கைக்கு வயது எழுபத்திரண்டு. இரண்டு கண்களிலும் புரை. "கண்ணிலே கத்தி வைப்பதாவது!" என்று இரண்டு வருஷமாகத் தட்டிக் கழித்து வந்தவளை, குடும்பத்தார் எல்லோரும் சேர்ந்து மன்றாடி ஒருவாறு சம்மதிக்கச் செய்திருந்தோம். மறுநாள் காலை ஏழு மணிக்குத் தஞ்சாவூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஆஜராக வேண்டும். நாற்பது கிலோ மீட்டர் தூரம். அந்த நாள் தவறினால் அக்கா மறுபடி சம்மதிக்கமாட்டாள் என்பது எங்களுக்கெல்லாம் நிச்சயம். "பார்த்தாயா, தடங்கல் வந்துவிட்டது!" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள்.

ஆகவே, கடைத்தெருவிலுள்ள ஒரு பாட்டரிக் கடைக்குப் போன் செய்தேன். மாலை மூன்றரை மணிக்கு ஒரு பையன் மொபெட்டில் புதுப் பாட்டரியைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். பத்தொன்பது வயதிருக்கும். வந்ததும் வராததுமாகக் கொஞ்சம் வெந்நீரும் ஆப்ப சோடாவும் கேட்டான். "பாட்டரிக்குச் சமையல் வேறா?" என்று என் மனைவி சிரித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தாள்.

பாட்டரியின் தலையில் இரண்டு ஈயக் குமிழ்கள் உண்டு. அவற்றைக் கவ்விக்கொள்ளும் வளையத்துக்கு டெர்மினல் என்று பட்டறையில் பெயர். எங்கள் வண்டியின் டெர்மினல்களில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. பையன் அதைச் சோடா நீர் விட்டுக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினான். பாட்டரியை உட்கார வைத்து, டெர்மினல்களை மாட்டி, சிறிய ஸ்பானரால் இறுக்கி, கையால் ஆட்டிப் பார்த்தான். எல்லாம் இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. வண்டி ஒரே திருப்பில் கிளம்பிற்று.

இதையெல்லாம் நான் அரைக் கண்ணால்தான் பார்த்தேன். மற்ற ஒன்றரைக் கண்ணும் காதும் முதலாளியுடன் போனில் பேரம் பேசுவதில் ஈடுபட்டிருந்தன. பழைய பாட்டரிக்கு விலை உண்டு. அதிலுள்ள ஈயத்தை உருக்கி மறுபடியும் பாட்டரி செய்கிறார்கள். அந்த விலையில் எனக்கும் முதலாளிக்கும் இருநூறு ரூபாய் அபிப்பிராய பேதம். நடுவில் பையன் என் பக்கத்தில் வந்து நின்று ஏதோ சொன்னான். "கடிகாரம்", "ரேடியோ", "கண்ணாடி" என்ற வார்த்தைகள் காதில் விழுந்தன. "சரி, சரி" என்று கையை ஆட்டினேன். உத்தரவாத அட்டையின் பின்புறத்தில் தன்னுடைய போன் நம்பரை எழுதிக் கொடுத்து, "ஏதாவது இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், ஸார்!" என்று சொல்லிவிட்டுப் போனான். இருநூறு ரூபாய் வழக்கில் நான் ஜயித்தேன்.

மாலையில் பெட்ரோல் போட்டுக்கொண்டு வரலாம் என்று கிளம்பினேன். அப்போதுதான் குற்றங்கள் ஒவ்வொன்றாக வெளிவரத் தொடங்கின.

முதலாவது, கடிகாரம் தப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அதை ஐந்து மணிக்கு நானே திருத்தி வைத்தேன். இரண்டாவது, ரேடியோ பாட மறுத்து, இரகசிய எண் என்னவென்று என்னைக் கேட்டது. பதினொரு வருஷமாகக் கேட்காத கேள்வி! மூன்றாவது, என் பக்கத்துக் கண்ணாடி. வழக்கமாகப் பொத்தானை ஒரு தரம் அழுத்தினால் தானே மேலே போய் மூடிக்கொள்ளும். அன்று கொஞ்சம் கொஞ்சமாக, பொத்தானைப் பிடித்த பிடி விடாமல் ஏற்ற வேண்டியிருந்தது. நாலாவது, சிக்னலில் நின்றபோது எஞ்சின் ஜுரம் வந்தவன்போல் நடுங்கிற்று. ஐந்தாவது, ஸ்டியரிங் சக்கரம் மாதிரிப் படம் போட்ட ஒரு மஞ்சள் விளக்கு என்னை முறைத்துப் பார்த்தது.

ஐந்து குற்றங்கள்! வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "அவன் கை வைத்த பிறகுதானே இதெல்லாம்?" என்றேன். "பின்னே வந்தது உண்மை, அதனாலேதான் வந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?" என்றாள் அவள். பெண்களுக்கு இயந்திர விஷயம் தெரியாது என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். (அதை அவளிடம் பிற்பாடு ஒப்புக்கொண்டாகிவிட்டது, ஆகையால் வாசகர்கள் யாரும் அவளுக்கு எழுதிப் போட வேண்டியதில்லை.)

அன்று இரவு சாப்பாட்டுக்கு முன்னால் கைபேசியில் பாட்டரியைப் பற்றிய படங்கள் சிலவற்றைப் பார்த்தேன். மனசு சமாதானம் ஆகவில்லை. வண்டி அண்டை போய் ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தேன். தூறல் போடத் தொடங்கியபடியால் சீக்கிரமாகவே உள்ளே வந்துவிட்டேன். பிறகு படுத்துத் தூங்கினேன்.

விடியற்காலம் ஐந்தே முக்கால் மணி. தெருவில் இன்னும் கோலம் போட்டு முடியவில்லை. கோயிலிலிருந்து திருப்பாவை கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா நெற்றியில் விபூதி துலங்க, கையில் ஒரு பையுடன் முன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தாள். சாவியை ஒரு படி திருப்பினேன். எதிரேயிருந்த விளக்குகள் எல்லாம் ஏற்றி வைத்த குத்துவிளக்குப் போல் எரிந்தன.

"ஐயையோ! மணி ஒன்பதேகாலா ஆகிவிட்டது?" என்று அக்கா அலறினாள்.

கண்புரை உள்ளவளுக்குக்கூடத் தெரியும்படி அந்தக் கடிகாரம் பெரிய எழுத்தில் ஒன்பதேகால் என்று காட்டிக்கொண்டிருந்தது. மாலையில்தான் திருத்தி வைத்திருந்தேன். இரவுக்குள் மறுபடியும் கெட்டுப் போய்விட்டது! ஆறாவது குற்றம். சாவியை அடுத்த படிக்குத் திருப்பினேன்.

"டக்டக்டக்டக்" என்று மரங்கொத்தி கொத்துவது போல் சத்தம் வந்தது. விளக்குகள் எல்லாம் மங்கின. கையை எடுத்தால் மறுபடியும் பிரகாசம். திருப்பினால் மரங்கொத்தி. நாலு தரம், ஐந்து தரம் முயன்றேன். எஞ்சின் ஓர் அங்குலம்கூட அசையவில்லை.

அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு மௌனமாக இருந்தாள். அந்த மௌனத்தின் அர்த்தம் எனக்குத் தெரியும். வாயைத் திறந்து அவள் "தடங்கல்" என்ற வார்த்தையைச் சொல்லுவதற்குள் வாடகைக் காருக்குச் சொல்லிவிட வேண்டும். சொன்னேன். அது வந்து சேர இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடை முதலாளியைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன். "பழைய பாட்டரிக்குப் புது லேபிள் ஒட்டி என் தலையில் கட்டிவிட்டீர்கள்!" என்று ஆரம்பித்தேன். "அல்லது உங்கள் கடையில் நல்லதைக் கொடுத்து, அந்தப் பையன் வழியில் மாற்றிவிட்டானோ, என்னவோ!" என்றும் சொன்னேன். இதற்கு எனக்கு யாதொரு ஆதாரமும் இல்லை. வாய்க்கு வந்தது, சொன்னேன். முதலாளி பயந்த சுபாவமுள்ள வியாபாரி. "கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பையனை இன்றைக்கே நிறுத்திவிடுகிறேன்" என்றார். "செய்யுங்கள்" என்றேன். நியாயத்தை நிலைநாட்டிய திருப்தியுடன் வாடகைக் காரில் ஏறினேன். உத்தரவாத அட்டையின் பின்னால் எழுதியிருந்த நம்பருக்கு ஒரு தரம் போன் செய்து கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தஞ்சாவூரில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. பத்து மணிக்குள் ஒரு கண்ணுக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது. "இவ்வளவுதானா? இதற்கா இரண்டு வருஷம் பயந்தேன்?" என்று அக்கா கேட்டாள். மத்தியானம் வீடு திரும்பினோம். மூன்று மணிக்கு, எங்கள் தெருக்கோடியில் கார்களுக்கு எலெக்ட்ரிக் வேலை செய்யும் பாயை அழைத்து வந்தேன். அறுபது வயதுக்கு மேற்பட்டவர். நான் குற்றப் பத்திரிகையை ஆதியோடந்தமாக வாசித்தேன். ஆறு குற்றங்களையும் பாய் பொறுமையாகக் கேட்டார். "அந்தப் பையன்" என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவருடைய முகம் சற்றுச் சுருங்கிற்று.

பாய் முன்மூடியைத் திறந்தார். மீட்டரின் இரண்டு முனைகளையும் பாட்டரியின் இரண்டு குமிழ்களிலும் வைத்தார். 12.6 என்று காட்டிற்று.

"பாட்டரி புதுசு. நல்ல பாட்டரி" என்றார்.

பாட்டரிக்குள் ஆறு அறைகள் உண்டு. நிறையச் சார்ஜ் ஏறியிருக்கும்போது ஒவ்வோர் அறையும் சுமார் 2.1 வோல்ட் கொடுக்கும். ஆறும் சேர்ந்து 12.6. ஓய்வாக இருக்கும் பாட்டரி 12-க்குக் கீழே போய்விட்டால்தான் காலி என்று அர்த்தம். பிரான்ஸ் தேசத்துப் பிளாண்டே என்பவர் 1859-ஆம் வருஷத்தில் ஈயத் தகடுகளைக் கந்தகத் திராவகத்தில் அமிழ்த்தி இந்த வகைப் பாட்டரியைக் கண்டுபிடித்தார். அன்று முதல் இந்தக் கணக்கு மாறவில்லை.

"பிளஸ், மைனஸ் மாற்றி மாட்டியிருப்பானோ?" என்று கேட்டேன்.

"மாற்றி மாட்டியிருந்தால் அப்போதே மெயின் பியூஸ் போயிருக்கும். டைனமோவும் கெட்டுப் போயிருக்கும். வண்டி நேற்றுச் சாயங்காலம் ஓடியிருக்காது" என்றார் பாய். பிறகு மீட்டரின் ஒரு முனையை மைனஸ் குமிழின் மேலும், இன்னொரு முனையை அதைக் கவ்விக்கொண்டிருந்த டெர்மினலின் மேலும் வைத்துக்கொண்டு, "சாவியைத் திருப்புங்கள்" என்றார். திருப்பினேன். மரங்கொத்தி கொத்திற்று. மீட்டர் ஐந்து, ஆறு என்று துள்ளிற்று.

"இங்கே பூஜ்யத்தை ஒட்டித்தான் நிற்க வேண்டும். பாட்டரியில் இருக்கிற சக்தி உங்கள் வண்டிக்குள்ளே போகவில்லை. இந்த வாசற்படியிலேயே செலவாகிவிடுகிறது."

"அப்படியானால் விளக்கு மட்டும் எப்படி எரிகிறது?"

"சைக்கிள் போகிற சந்திலே தேர் போகுமா, ஸார்?"

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்ல முடியாது. வண்டிக்குள் எரியும் சின்ன விளக்குக்கு வேண்டியது அரை ஆம்பியர் மின்சாரம்கூட இல்லை. எஞ்சினைச் சுழற்றி எழுப்பும் செல்ப் மோட்டாருக்கோ நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். தளர்ந்த மூட்டில் 0.05 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். விளக்குக்குப் போகும் மின்சாரம் அங்கே இழப்பது 0.02 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. நூறு ஆம்பியர் அந்த வழியாகப் போக முயன்றால் இழப்பது 5 வோல்ட். பன்னிரண்டில் ஐந்து போனால் மோட்டார் எப்படிச் சுற்றும்? ஜெர்மனி தேசத்து ஓம் என்பவர் 1827-ல் வெளியிட்ட பெருக்கல் கணக்கு இது. செல்ப் மோட்டாரின் சுவிட்ச் மூடும், உடனே வோல்ட் சரியும், சரிந்ததும் சுவிட்ச் திறந்துகொள்ளும், திறந்ததும் வோல்ட் ஏறும், மறுபடி மூடும். அதுதான் மரங்கொத்தி.

1912-ஆம் வருஷத்துக் காடிலாக் காரில் இந்தச் செல்ப் மோட்டார் வருவதற்கு முன்னால், வண்டியின் மூக்கில் கைப்பிடியை மாட்டிச் சுற்ற வேண்டியிருந்தது. என் பெரியப்பாவின் பழைய அம்பாஸடரில்கூட அப்படி ஒரு கைப்பிடி உண்டு. பாட்டரி படுத்துவிட்டால் அவர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு சுற்றுச் சுற்றுவார். இப்போது நமக்கு அந்த வசதியும் இல்லை, புஜபலமும் இல்லை. எல்லாம் அந்த ஓர் ஈய வளையத்தின் பிடியில் இருக்கிறது.

பாய் அந்த வளையத்தை இரண்டு விரல்களால் பிடித்துத் திருப்பினார். அது சுழன்றது.

"பார்த்தீர்களா?" என்று நான் கூவினேன். "இறுக்காமல் போயிருக்கிறான்! நான் சொன்னேன் அல்லவா?"

பாய் பதில் சொல்லவில்லை. பிளஸ் டெர்மினலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அது மலைபோல் அசையாமல் இருந்தது. "ஒரே கை இரண்டு விதமாக வேலை செய்யாது, ஸார்" என்றார். பிறகு திண்ணையில், ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்காவின் பக்கம் திரும்பி, "அம்மா! காலையில் கடிகாரம் எத்தனை காட்டிற்று?" என்று கேட்டார்.

"ஒன்பதேகால். அப்போது நிஜமான மணி ஐந்தே முக்கால். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுவிட்டது!" என்றாள் அக்கா.

"பாட்டரிக் கம்பியைக் கழற்றி மாட்டினால் இந்தக் கடிகாரம் பன்னிரண்டிலிருந்து ஆரம்பிக்கும்" என்று பாய் விரல் விட்டு எண்ணினார். "ஒன்பதேகால் காட்டினால், கம்பியைக் கழற்றி ஒன்பதேகால் மணி நேரம் ஆகியிருக்கிறது. ஐந்தே முக்காலிலிருந்து பின்னால் போனால் நேற்று இரவு எட்டரை. பையன் போனது எத்தனை மணிக்கு?"

"நாலு மணிக்கு" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"எட்டரை மணிக்கு யார் கழற்றினார்கள்?"

நேயர்களே! "வண்டி அண்டை போய் ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தேன்" என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த வாக்கியத்தில் ஒரு சிறிய விஷயம் விட்டுப் போயிற்று. நான் வெறுமனே பார்த்துவிட்டு வரவில்லை. டெர்மினலுக்கு வாஸலின் தடவினால் பச்சை பூக்காது என்று ஒரு படத்தில் பார்த்தேன். பையன் தடவாமல் போய்விட்டான் என்று முடிவு கட்டினேன். முதலில் மைனஸைக் கழற்ற வேண்டும் என்று படத்தில் சொல்லியிருந்தபடி அதைக் கழற்றினேன். வீட்டில் ஸ்பானர் இல்லை, குறடுதான் இருந்தது. வாஸலினைத் தடவி மறுபடியும் மாட்டி, குறட்டால் திருகினேன். குறடு வழுக்கிற்று. வழுக்கியதை, இனிமேல் இறுகாது என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டேன். கதவைத் திறந்தேன், உள் விளக்கு எரிந்தது. பரம திருப்தி. பிளஸ் பக்கம் போகுமுன் தூறல் வந்துவிட்டது. அந்தத் தூறலால்தான் பிளஸ் தப்பிற்று.

சத்தியமாகச் சொல்லுகிறேன்: காலையில் முதலாளியிடம் போனில் கத்தியபோது இதை நான் மறைக்கவில்லை. எனக்கு ஞாபகமே இல்லை. பிறர் கை பட்டது ஒவ்வொன்றும் நினைவிருந்தது. என் கை பட்டது மட்டும் கணக்கில் வரவில்லை.

"கண் ஆபரேஷன் உனக்கா, எனக்காடா?" என்றாள் அக்கா.

"வாஸலின் மேல் தப்பு இல்லை" என்று பாய் ஆறுதலாகச் சொன்னார். "இறுக்கின பிறகு மேலே தடவினால் நல்லதுதான். மைனஸை முதலில் எடுத்ததும் சரிதான். வண்டியின் உடம்பு முழுவதும் மைனஸ். அது மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸில் ஸ்பானரை வைத்து, அது உடம்பில் பட்டால் நெருப்புப் பறக்கும். கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில். இறுக்காததுதான் தப்பு." பத்தாம் நம்பர் ஸ்பானரால் இரண்டு திருகு திருகினார். சாவியைத் திருப்பினேன். எஞ்சின் ஒரே மூச்சில் எழுந்தது. ஓடும்போது மீட்டர் 14.2 காட்டிற்று. "டைனமோவும் சரி. பதினாலை ஒட்டி இருந்தால் பாட்டரிக்குச் சாப்பாடு போகிறது என்று அர்த்தம்" என்றார் பாய். கூலியாக நூறு ரூபாய்தான் வாங்கிக்கொண்டார்.

நேரே பாட்டரிக் கடைக்குப் போனேன். முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். "அதனால் என்ன, ஸார்? நாளைக்கு வரச் சொல்லிவிடுகிறேன்" என்று அவர் வெகு சுலபமாகச் சொல்லிவிட்டார். காலையில் என்னுடைய ஒரு வார்த்தையில் போன வேலை, மாலையில் இன்னொரு வார்த்தையில் திரும்பி வந்தது. "நானே நேரில் போய்ச் சொல்லுகிறேன்" என்று விலாசம் வாங்கிக்கொண்டு தாராசுரத்துக்கு வண்டியை விட்டேன்.

பையன் வீட்டு வாசலில் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். அவனுடைய முகத்தில் கோபத்தை எதிர்பார்த்துப் போனேன், பயந்தான் இருந்தது.

"தம்பி! உன்மேல் தப்பு இல்லை. ராத்திரி நான்தான் கழற்றினேன். சரியாக இறுக்கவில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டேன். என்னை மன்னித்துவிடு" என்றேன். வழி நெடுக வேறு விதமாகப் பேச யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இவ்வளவுதான்.

அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "மைனஸா, ஸார்?" என்று கேட்டான்.

"ஆமாம்."

"காலையிலிருந்து யோசித்துக்கொண்டே இருந்தேன், ஸார். இரண்டையும் இறுக்கி ஆட்டிப் பார்த்ததாகத்தான் ஞாபகம். ஆனால் நீங்கள் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னீர்கள் என்று முதலாளி சொன்னார். இறுக்கினேனா, இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது."

வேலை போனதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நன்றாக வேலை செய்கிற ஒரு கைக்குத் தன் மேலேயே நம்பிக்கை போகும்படி நான் செய்திருந்தேன். ஒரு பகல் முழுவதும்! வேலையைத் திருப்பிக் கொடுத்தது போல் அந்தப் பகலை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியண்டை வந்தான். "மற்றதெல்லாம் சரியாயிற்றா, ஸார்?" என்று கேட்டான். இல்லை என்றேன். என் பக்கத்துக் கண்ணாடியை மேலே ஏற்றி, ஏறிய பிறகும் பொத்தானைச் சில விநாடி பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு இறக்கி, ஒரு தரம் அழுத்தினான். கண்ணாடி தானே ஏறி மூடிக்கொண்டது. ஸ்டியரிங்கை இடது கோடி வரையிலும், வலது கோடி வரையிலும் திருப்பிவிட்டு, தெருக்கோடி வரையில் போய் வரச் சொன்னான். மஞ்சள் விளக்கு அணைந்துவிட்டது. ரேடியோவின் இரகசிய எண் வண்டியுடன் வந்த புத்தகத்தில் ஓர் அட்டையில் இருக்கும் என்றான். இருந்தது. "எஞ்சின் நடுங்குகிறதே?" என்றேன். "பாட்டரியை எடுத்தால் எவ்வளவு காற்று விடவேண்டும் என்று வண்டிக்குள்ளிருக்கும் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது மறந்துபோகும், ஸார். ஏ.ஸி. போடாமல் கொஞ்ச நேரம் நின்றபடியே ஓட விடுங்கள். நாலு நாள் ஓட்டினால் மறுபடி கற்றுக்கொள்ளும்" என்றான். அப்படியே ஆயிற்று.

"இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொண்டாய்?" என்று கேட்டேன்.

"நேற்றே சொன்னேனே, ஸார்" என்றான். குற்றம் சாட்டும் தோரணையே இல்லை. நான் போனில் இருநூறு ரூபாய்க்கு வாதாடிக்கொண்டிருந்த சமயம் அது.

ஆறு குற்றங்களும் இப்படித் தள்ளுபடி ஆயின. நான் கிளம்பும்போது அவன் உள்ளே போய், பழைய பத்தாம் நம்பர் ஸ்பானர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "இறுக்கின பிறகு கையால் ஒரு தரம் ஆட்டிப் பாருங்கள், ஸார்" என்றான்.

2025 பிப்ரவரியில் அக்காவின் இரண்டாவது கண்ணுக்குச் சிகிச்சை. அதே ஐந்தே முக்கால் மணி. புறப்படுவதற்கு முன் நான் முன்மூடியைத் தூக்கி, இரண்டு டெர்மினல்களையும் ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. அக்கா ஏறி உட்கார்ந்து, நல்ல கண்ணால் கடிகாரத்தைப் பார்த்து, "இன்றைக்குச் சரியாக இருக்கிறது" என்றாள்.

வண்டி கிளம்பிற்று.